மூக்கு பார்த்த வண்டி

போன வாரம் வேனுக்குள் இன்ஜின் இறங்கியதோடு விட்டிருந்தோம். இறங்கியது என்னவோ இறங்கிவிட்டது. ஆனால் வேறு வண்டியிலிருந்து வந்த இன்ஜின் புகுந்த வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி. வந்த அன்றைக்கே எல்லாம் பொருந்திவிடாது. இதைச் சொல்லிச் சிரித்தவள் அந்த வீட்டு மருமகளேதான். அதற்குப் பிறகு இந்த வாரம் முழுக்க, வீட்டை ஒட்டியிருந்த அந்த வண்டிப் பட்டறையில் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் நாளை திறக்கிறது. அவள் கணவன் அந்த வேனில்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் விடுவான். விடுமுறையில் பழைய இன்ஜின் ஒரேயடியாகப் படுத்துவிட, மோதி நசுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்த இன்ஜினை மாமனாரும் மருமகளுமாக வேனில் ஏற்றினார்கள். "இவளை வெச்சுக்கிட்டு இந்த வேலையில இறங்காதீங்கப்பா" என்று அவன் தலைபாடாக அடித்துக்கொண்டான். "இவ கை போற இடத்துக்கு உன் கை போகாதுடா" என்று மாமனார் பேச்சை முடித்துவிட்டார்.

கல்யாணமாகி வந்த புதிதில், சமையலறை ஜன்னல் வழியாகப் பட்டறையையே பார்த்துக்கொண்டு நிற்பாள் அவள். அதைக் கவனித்து, கூப்பிட்டு, கையில் ஸ்பானரைக் கொடுத்தவர் மாமனார். கணவனுக்கு இன்றுவரை அது தொண்டையில் சிக்கிய முள்தான். வேன் நல்லபடியாக ஓடினால் அவள் பட்டறையில் நிற்கலாம். இல்லாவிட்டால் திரும்ப ஜன்னல்தான்.

காலையில் வேன் அவளை அழ வைத்துவிட்டது. ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்தில் உறுமும், தணியும், மறுபடி உறுமும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும்.

"எங்கயோ காத்து குடிக்குதும்மா" என்றார் மாமனார்.

இன்ஜின் மூச்சிழுக்கும்போது உள்ளே ஓர் உறிஞ்சல் உண்டாகும். பிரேக்குக்கும் இன்னும் இரண்டொரு வேலைக்கும் அந்த உறிஞ்சலைக் கொண்டுபோகச் சுண்டுவிரல் கனத்தில் கறுப்புக் குழாய்கள் ஓடும். வேக்குவம் லைன் என்பார்கள். அதில் எங்காவது ஒரு வெடிப்பு இருந்தால் போதும், வேண்டாத காற்று புகுந்து இன்ஜினின் கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு வண்டிக்குப் பிறந்த குழாய்களை இன்னொரு வண்டிக்குள் வளைத்து நெளித்து ஓட விட்டிருக்கிறார்கள். வெடிப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

அவள் ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையை ஓடுகிற இன்ஜின்மேல் ஒவ்வோர் இணைப்பாகக் கொண்டுபோனாள். பின்பக்கம், இன்ஜினுக்கும் தகரச் சுவருக்கும் நடுவில், ஆள் கை போகாத சந்தில் 'உஸ்' என்ற சத்தம் காதில் விழுந்தது. பழைய காரில் எதற்கோ போய்க்கொண்டிருந்த குழாயின் வாய் அது. வேனில் அதற்கு வேலையில்லை என்று ஒரு ரப்பர் மூடியைப் போட்டு அடைத்திருந்தார்கள். மூடி வெடித்திருந்தது.

தோள்வரை கையை விட்டு, கன்னத்தை இன்ஜின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே புது மூடியைச் செருகிக் கிளிப் போட்டாள். இன்ஜின் ஒரு தடவை திணறியது, பிறகு அப்படியே அடங்கி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். "மூச்சு வந்துடுச்சு" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கியது. குனிந்து நிமிர்ந்தபோது பெட்ரோல் வாசனை லேசாக அடித்தது. ஒரு வாரமாக இதிலேயே கிடக்கிறோம், நம் கையில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சோப்பைத் தேடிப் போனாள்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் தன் காரை எடுத்துப்போக வந்தார். பெட்ரோல் ஃபில்டர் மாற்ற விட்டிருந்தார். காலையில்தான் மாமனார் வண்டிக்கு அடியில் படுத்து அந்த வேலையை முடித்திருந்தார்.

"சாயங்காலம் குடும்பத்தோட கிளம்பறோம். மலைப் பாதை. அதான் உங்க மூக்கு பார்த்தாத்தான் வண்டியை எடுக்கறதுன்னு வீட்ல கண்டிஷன்" என்றார் தையல்காரர்.

இந்த மூக்கைப் பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். தெருவே மாமனாரை 'மூக்கு மெக்கானிக்' என்றுதான் சொல்லும். மூக்கு என்னவோ சாதாரண மூக்குதான். ஆனால் சைலன்சர் பக்கம் குனிந்து ஓர் இழுப்பு இழுத்தாரென்றால், பெட்ரோல் அதிகம் போகிறதா, ஆயில் எரிகிறதா, கிளட்ச் தேய்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை பட்டறைக்குள் வந்து நின்ற டாக்ஸியின் கதவைக்கூடத் திறக்காமல், "சீட்டுக்கு அடியில ஒயர் உருகுது, முதல்ல இறங்குங்க" என்று சொல்லி ஒரு குடும்பத்தையே காப்பாற்றியிருக்கிறார்.

அவர் மூக்கு பார்க்காமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டாது. வேலை முடிந்த வண்டியை ஓடவிட்டு, முன்னாலிருந்து பின்னால்வரை குனிந்து ஒரு சுற்று நடப்பார். கடைசியில் பானெட்டை உள்ளங்கையால் தட்டி, "போகலாம்" என்பார். பட்டறையில் வேறு சரிபார்ப்பு என்று ஒன்று கிடையாது. வேலை செய்கிறவர்கள் பாதியில் ஒரு கிளிப்பை விட்டாலும், மூக்கு பார்க்கும்போது தெரிந்துவிடும் என்று தைரியமாக இருப்பார்கள். அந்தத் தைரியம் நாளடைவில் பழக்கமாகிவிட்டது.

மாமனார் தையல்காரரின் காரைச் சுற்றினார். தட்டினார். "போகலாம்." கார் போனது. பிறகு வேனைச் சுற்றினார். தட்டினார். "போகலாம்."

கணவன் சாவியை வாங்கிக்கொண்டான். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றவன், மனைவியைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றான். ஒரே ஒரு வார்த்தை. அவள் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வண்டி என்றாலே தலை சுற்றும் என்று தெருமுனைக்குக்கூட நடந்தே போகிற மாமியார், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வேனின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க எங்கம்மா?" என்றான் மகன்.

"ஏன், நான் வரக் கூடாதா? ஓட்டுடா."

மாமனார் ஏதோ சொல்ல வந்தார். மாமியார் அவர் பக்கமே திரும்பவில்லை. வேன் வாசலைத் தாண்டியது.

*

போன் வந்தபோது மருமகள் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் உடனே வாங்க" என்றான் கணவன். குரல் வேறு மாதிரி இருந்தது. "இன்ஜின் மேல ஒரு சின்ன ஹோஸ்லேருந்து பெட்ரோல் சொட்டுது. நேரா சைலன்சர் பைப் மேல. அம்மா மட்டும் நிறுத்துன்னு கத்தலேன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும்னு தெரியல."

எந்த ஹோஸ் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்ஜினுக்குப் போய் மிஞ்சுகிற பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வர ஒரு குழாய் வேண்டும். பழைய இன்ஜினுக்கு அது தேவைப்படவில்லை, இதற்குத் தேவை. அதை மாட்டும் வேளையில் பெட்ரோல் ஹோஸ் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கத்தானே என்று, கையிலிருந்த வேக்குவம் ஹோஸில் ஒரு சாண் வெட்டி மாட்டினாள். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் வேக்குவம் ஹோஸ் காற்றுக்கான ரப்பர். பெட்ரோலில் ஊறினால் உப்பித் தளர்ந்துவிடும். நல்ல ஹோஸ் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தாள். நல்ல ஹோஸ் வந்தும் விட்டது. நின்ற இடத்தில் இன்ஜின் அணைந்து அணைந்து படுத்திய பாட்டில் இது மறந்தே போனது. மறந்தால் என்ன, கடைசியில் மூக்கு பார்ப்பார்களே.

ஆணியில் தொங்கிய புது ஹோஸ் சுருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாமனாரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள்.

ஒரு நீண்ட மதில் சுவரோரம் வேன் பானெட்டைத் திறந்தபடி நின்றிருந்தது. மாமியார் தள்ளி, மதில் நிழலில், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. கணவன் வேனுக்குப் பின்னால், ரோட்டில் வருகிற வண்டிகளைக் கைகாட்டி விலக்கிக்கொண்டிருந்தான்.

பானெட்டை நெருங்கும்போதே பெட்ரோல் நெடி மருமகளின் கண்ணில் அடித்தது. ஹோஸ் அவள் மாட்டிய இடத்தில்தான் இருந்தது. நுனி உப்பி, கிளிப்பை விட்டு நழுவி, துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கழற்றினாள். பெட்ரோல் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வழிந்தது.

மாமனார் பக்கத்தில் வந்து குனிந்தார். முகம் கசிவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"பெட்ரோலா ஒழுகுது? அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கையிலிருந்த ஹோஸை நீட்டினாள். "இதைப் பாருங்க மாமா."

வாழ்நாள் பழக்கம். வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனார். ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

"இதுல ஒண்ணும் இல்லையேம்மா. ரேடியேட்டர் தண்ணியா இருக்கும்."

ரோட்டில் ஒரு லாரி போனது. அவள் முகத்தைப் பார்த்த மாமனார், கையிலிருந்த ஹோஸைப் பார்த்தார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். தொட்டதும் காய்ந்துபோகிற அந்தச் சில்லிப்பு தண்ணீருக்குக் கிடையாது என்பது விரலுக்குத் தெரிந்தது. மெதுவாக ஹோஸை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

கணவன் பின்னாலிருந்து வந்தான். "யாரு போட்ட ஹோஸ் இது?"

"நான்தான்" என்றாள்.

"பெட்ரோல் போற இடத்துல இதைப் போடலாமா?"

"போடக் கூடாது. மாத்தணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? நாளைக்கு இந்த வண்டில குழந்தைங்க ஏறும். அதாவது ஞாபகம் இருந்துச்சா?" அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். "ஏறினதுலேருந்தே நாத்தம். அப்பா மூக்கு பார்த்தாச்சே, புது இன்ஜின், அப்படித்தான் இருக்கும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். அவர் பார்க்கும்போது ஒழுகியிருக்காது. அதுக்கப்புறம்தான் விட்டிருக்கு. இன்னையோட சரி. இனிமே நீ எந்த வண்டிலயும் கை வைக்க வேண்டாம்."

மாமனார் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

சொல்ல அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. 'உங்க அப்பாவுக்கு வாசனையே தெரியல.' சொன்னால் பழியில் பாதி இறங்கும். ஆனால் அந்த மனிதருக்கு ஊரில் இருக்கிற பேர் அது ஒன்றுதான். கையில் ஸ்பானரைக் கொடுத்தவரின் மூக்கை நடுரோட்டில் வைத்து அறுப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. குனிந்து புது ஹோஸை அளந்து வெட்டினாள். கண்ணீர் வந்தது. பெட்ரோல் நெடி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டாள்.

*

மாலையில் கை கழுவ உள்ளே போனபோது மாமியார் அடுப்படியில் நின்றிருந்தாள். பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடியில் கறுப்பாக, எவ்வளவு தேய்த்தும் போகாத ஒரு வட்டம்.

"இது எப்ப கருகுச்சு தெரியுமா?" என்றாள், திரும்பாமலே. "மழைக்கு உங்க மாமாவுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அது விட்ட மறுவாரம். அடுப்புல பாலை வெச்சுட்டு, பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டுத் துணி காயப்போடப் போனேன். வந்து பார்த்தா வீடு முழுக்கத் தீஞ்ச நாத்தம். அவர் இந்த ஸ்டூல்ல உக்காந்து ரேடியோவைத் திருகிக்கிட்டிருக்கார். பால் இன்னும் பொங்கலையேங்கறார்."

மருமகள் கையில் சோப்போடு அப்படியே நின்றாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அதனாலதான் இன்னைக்கு வேன்ல ஏறினீங்களா அத்தை?"

மாமியார் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "வேற என்ன செய்யச் சொல்றே? அவர்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. பையன்கிட்ட சொல்லவும் வாய் வரல. பையனைத் தனியா அனுப்பவும் மனசு வரல. எனக்கு இருக்கறது ஒரு மூக்கு. அதையாவது கொண்டுபோய் உள்ள வெப்போம்னு ஏறினேன். வழியில வாடை ஏற ஏற, இவன் அப்பா பார்த்துட்டாரும்மாங்கறான். நிறுத்த வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு." கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "உன்னை அவன் பேசினப்ப நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. அது என் தப்பு."

மருமகளுக்குக் கோபம் வரவில்லை. களைப்புதான் வந்தது. காலையிலிருந்து பெட்ரோல் வாசனை அவளுக்கும் அடித்தது, கணவனுக்கும் அடித்தது, மாமியாருக்கும் அடித்தது. வாசனையே தெரியாத ஒருவர் 'போகலாம்' என்றதற்காக எல்லோரும் தங்கள் மூக்கை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தாங்களே ஊதிப் பெருக்கிய பேருக்குத் தாங்களே பயந்து நின்றிருக்கிறார்கள். அவளும் சேர்த்தித்தான்.

அவள் பட்டறைக்குத் திரும்பினாள். மாமனார் வேனின் படியில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்ச நாள்ல திரும்பிடும்னு நெனச்சேம்மா" என்றார். "ஒவ்வொரு நாள் காலையிலயும் அந்தப் பெட்ரோல் கேனைத் திறந்து திறந்து பார்ப்பேன்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"மூக்கு மெக்கானிக் மூக்கைக் காட்ட டாக்டர்கிட்ட போனா, சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும்." சிரிக்க முயன்றார், வரவில்லை. "அவன்கிட்ட சொல்லப் போறியா?"

"நான் சொல்ல மாட்டேன் மாமா. ஹோஸை மறந்தது நான். அந்தப் பேச்சை நான் வாங்கிக்கறேன், காலம் முழுக்க வேணும்னாலும் வாங்கிக்கறேன். ஆனா காலையில இதுல பிள்ளைங்க ஏறும். இப்ப அவர் வருவார், மூக்கு பாருங்கப்பான்னு கேப்பார். நீங்க சுத்தி வந்து தட்டிட்டுப் போகலாம்னு சொன்னா, நான் இந்த வாசல்ல குறுக்க நிப்பேன். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன். ஆனா நிப்பேன்."

மாமனார் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவன் குளித்துவிட்டு வந்தான். மனைவியின் பக்கம் பார்க்காமல் சாவியைப் போட்டு வேனை ஓடவிட்டான். "இப்ப ஒரு தடவை நல்லாப் பார்த்துடுங்கப்பா. நீங்க பார்த்துட்டா எனக்கு நிம்மதி."

மாமனார் எழுந்தார். முன்பக்கம் போனார். பழக்கப்படி குனிந்தார். மருமகள் வாசலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள். அவர் குனிந்தபடியே நின்றார், ரொம்ப நேரம். பிறகு நிமிர்ந்தார்.

"என் மூக்குல ஒண்ணும் ஏறலடா."

"சுத்தமா இருக்கா? நல்லதாப் போச்சு."

"அதைச் சொல்லல. எனக்கு எந்த வாசனையும் தெரியல. காலையில பார்த்தப்பவும் தெரியல. அப்பவே ஒழுகியிருக்கும். நான்தான் போகலாம்னு சொன்னேன்."

மகன் அவரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், ஒரு மாதிரியாகச் சிரித்தான். "அவளைக் காப்பாத்த உங்க பேரைக் கெடுத்துக்காதீங்கப்பா. யார்கிட்ட இந்தக் கதையெல்லாம்?"

உண்மையைச் சொல்ல ஒரு மனிதர் எத்தனை பாடுபட்டு வாயைத் திறக்கிறார். கேட்கிறவன் நம்ப மாட்டேன் என்கிறான். மாமனாரின் முகம் சுருங்கியது.

"இன்ஜினை அணை. ரெண்டு துணி எடு" என்றார். "ஒண்ணைத் தண்ணியில நனை, ஒண்ணைப் பெட்ரோல்ல நனை. நான் கண்ணை மூடிக்கறேன்."

"அப்பா, வேண்டாம்."

"எடுடா."

மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். மகன் வெளியே பெட்ரோல் கேன் இருந்த இடத்துக்குப் போய் இரண்டு துணிகளை நனைத்துக்கொண்டு வந்தான். மாமனார் தன் பட்டறையின் நடுவில், கைகளை இருபுறமும் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். டாக்ஸிக் குடும்பத்தை இறக்கிவிட்டாரே, அந்த இடம்.

மகன் ஒரு துணியை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தான். நாலடி தள்ளி நின்ற மருமகளுக்கே நெடி அடித்தது. மாமனார் நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார்.

"தெரியல."

மற்ற துணியைப் பிடித்தான்.

"இதுவும் தெரியல."

மகன் விடவில்லை. திரும்ப முதல் துணியைக் கொண்டுவந்தான், இன்னும் கிட்டத்தில். அவன் கண்ணிலேயே நீர் கோத்துவிட்டது. "நல்லாப் பாருங்கப்பா. ஒரு தடவை. நல்லா இழுத்துப் பாருங்க." அவன் கேட்ட விதம், பொய் என்று சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"தெரியலடா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

மகன் துணிகளைக் கீழே போட்டான். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். மாமியார் தலைப்பை வாயில் வைத்து அழுதாள்.

"எப்பலேருந்துப்பா?"

"மழைக்கு வந்த காய்ச்சல்லேருந்து."

மழை போய் எத்தனையோ நாளாகிவிட்டது. அதற்குப் பிறகு இந்த வாசலைத் தாண்டிப் போன வண்டிகள் ஒவ்வொன்றாக நாலு பேர் மனதிலும் ஓடின. எல்லாம் பானெட்டில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு போனவை. கடைசியாகப் போனதில் போய் மருமகளின் நினைவு நின்றது.

"மாமா. தையல்காரர் கார்."

மாமனார் கண்ணைத் திறந்தார்.

"ஃபில்டரை நீங்கதானே மாத்தினீங்க? கிளிப் ரெண்டையும் முறுக்கிட்டீங்கள்ல?"

அவர் வலது கையைத் தூக்கி, வண்டிக்கு அடியில் படுத்திருப்பது போல, இல்லாத ஸ்பானரைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கிளிப். கை அங்கேயே நின்றது.

"ஒண்ணை முறுக்கினது ஞாபகம் இருக்கு" என்றார். "இன்னொண்ணு தெரியலம்மா. அப்பதான் நீ கூப்பிட்டே, வேன் அணைஞ்சு போகுதுன்னு. எப்படியும் மூக்கு பார்ப்போமேன்னு நானும் விட்டிருப்பேன்."

அவளுக்கு வந்த அதே தைரியம் அவருக்கும் வந்திருக்கிறது. மருமகள் போனை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மலைப் பாதைக்குக் கிளம்புகிறவர்கள் கிளம்புகிற வேளை.

மாமனார் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். காலையிலிருந்து வளைந்திருந்த முதுகு இப்போது நிமிர்ந்திருந்தது. "வீடு எனக்குத் தெரியும். கிளம்பியிருந்தா எந்த ரோட்டைப் பிடிப்பார்னும் தெரியும். நீ போட்டுக்கிட்டே இரு" என்று மகனிடம் சொன்னார். மகன் மனைவியின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான்.

வாசல்வரை போன மாமனார் திரும்பிப் பார்த்தார். மருமகள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். இனிமே எந்த வண்டிலயும் கை வைக்க வேண்டாம் என்ற சொல் அவள் காலைக் கட்டிப் போட்டிருந்தது.

கணவன் ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். கதவை விரியத் திறந்துவிட்டான்.

"ஏறும்மா" என்றார் மாமனார். "எனக்கு ஒரு மூக்கு வேணும்."